சுடாத கால்

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஈரக் கால் தடம். ஒன்று இரண்டு இல்லை... வாசலிலிருந்து அடுப்படி வரை, அங்கிருந்து ஃப்ரிட்ஜ் வரை, திரும்பவும் வாசல் வரை. போன மாதம் ஒரு சாயங்காலம், அப்போதுதான் துடைத்து முடித்த டைல்ஸ் தரையில்.

எனக்கு வந்ததே கோபம்! அந்த நேரத்தில் வீட்டில் இருந்தது இரண்டே பேர். நான் ஒருத்தி, என் வீட்டுக்காரர் ஒருத்தர். நான் ஈரக் காலோடு கூடத்தில் நடக்கிற ஆள் இல்லை. அப்புறம் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க விசாரணைக் கமிஷனா வைக்க வேண்டும்?

"இன்னாங்க, கால கழுவிட்டு தொடைக்காமலே வூட்டுக்குள்ள வந்தா எப்புடி? இப்பதான மாப்பு போட்டேன்?"

அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் எங்க உள்ள வந்தேன்? களத்துலேர்ந்து வந்தவன் இங்கயேதான் குந்திக்கினு கீறேன்."

"அப்ப இது இன்னா, பேயா நடந்துச்சு?"

"நல்லா பாரு. தடம் சின்னதா கீது. என்னுது ஒம்பதாம் நம்பரு."

பார்த்தேன். சின்னக் கால்தான். முணுமுணுத்துக்கொண்டே மாப்பை எடுத்து மறுபடி துடைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்பினால், துடைத்த இடத்திலேயே புதிதாக ஒரு தடம். என் பின்னாலேயே வந்திருக்கிறது.

தரை துடைப்பதற்காக வீட்டுச் செருப்பைக் கழற்றி வைத்திருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்காலில் தோல் வழன்று, வேகவைத்த உருளைக்கிழங்கின் தோல் மாதிரி ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பெரிய கொப்புளம் ஒன்று உடைந்து, அதிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரமாக அந்தக் காலோடுதான் தரை துடைத்திருக்கிறேன். அந்தக் காலோடுதான் அவரிடம் சண்டையும் போட்டிருக்கிறேன்.

வலித்ததா? இல்லை. துளிகூட இல்லை. அதுதான் என் வியாதியே.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களில் சிலர், மூன்று வாரமாக என்னைக் காணோமே என்று விசாரித்திருந்தீர்கள். ஒருவர், 'ஊர் சுற்றப் போய்விட்டீர்களா?' என்று எழுதியிருந்தார். ஊர் சுற்றத்தான் போனேன் ஐயா... கட்டிலிலிருந்து பாத்ரூம், பாத்ரூமிலிருந்து கட்டில்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு மார்பில் கட்டி வந்ததும், சென்னையில் வைத்தியம் பார்த்ததும் பழைய வாசகர்களுக்குத் தெரியும். கட்டி போய்விட்டது. முடி திரும்ப முளைத்துவிட்டது. ஆனால் ஏற்றிய மருந்து, போகிற போக்கில் கை கால் நரம்புகளையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. விரல் நுனிகளில் எப்போதும் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. பாதத்தில் அதுவும் இல்லை. வெறும் மரப்பு. 'சில பேருக்குச் சரியாகும், சில பேருக்கு இப்படியே நின்றுவிடும்' என்றார் டாக்டர். நான் இரண்டாவது கோஷ்டி.

"உயிர் பொழச்சியே, அது போதாதா? இத்தப் போயி பெருசு பண்ணிக்கினு" என்பார்கள். உண்மைதான். யார் இல்லையென்றது? ஆனால் பிழைத்த பிறகு வாழவும் வேண்டியிருக்கிறதே! காலையில் எழுந்து ரவிக்கை கொக்கி மாட்ட வேண்டும். விரலுக்கும் கொக்கிக்கும் நடுவில் பேச்சுவார்த்தை முறிந்து மூன்று வருடமாகிறது. கண்ணாடி முன்னால் நின்று, கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினால் கால் மணி நேரம் ஓடிவிடும். குளிக்கிற தண்ணீர் சூடா என்று முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். காபி டம்ளரைத் துணி சுற்றித்தான் பிடிக்க வேண்டும். சோப்புப் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் கண்ணை மூடினால் உடம்பு தானாகச் சாய்கிறது. கால் தரையில்தான் இருக்கிறது என்று கண் சொன்னால்தான் எனக்குத் தெரியும். கரண்ட் போனால் எங்கே நிற்கிறேனோ அங்கேயே நிற்பேன். திரும்ப விளக்கு வந்த பிறகுதான் அடுத்த அடி.

கால் செய்ய வேண்டிய வேலையையும் கை செய்ய வேண்டிய வேலையையும் கண்ணே செய்தால் சாயங்காலத்துக்குள் மனுஷி என்ன ஆவாள்? அலுத்துப் போகிறது. வேலை செய்த அலுப்பு கிடையாது. நாள் முழுக்க என்னை நானே காவல் காக்கிற அலுப்பு. படுத்தால்கூட அது இறங்குவதில்லை.

இதில் இன்னொரு அலுப்பும் உண்டு. கால் மரத்துப்போச்சு என்று சொன்ன அடுத்த நொடியே எதிரில் இருப்பவர், "சுகரா?" என்பார். இல்லை என்றால் நம்ப மாட்டார். "ஒருவாட்டி நல்லா செக் பண்ணிப் பாருங்க." பாகற்காய் ஜூஸ், ஆவாரம்பூ, வெந்தயம் எல்லாம் வரிசையாக வரும். கல்யாண வீட்டுப் பந்தியில் யாராவது ஒரு புண்ணியவான் எட்டிப் பார்த்து என் இலையிலிருந்து ஜிலேபியை எடுக்கச் சொல்வார். என் உடம்பில் இல்லாத சர்க்கரைக்காக நான் விட்டுக்கொடுத்த ஜிலேபிகளை எல்லாம் கேட்டு வாங்கினால் ஒரு ஸ்வீட் ஸ்டால் வைக்கலாம்.

அப்புறம் செருப்பு. நடந்து போகும்போது செருப்பு கழன்று விழுந்தால் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உத்திரமேரூர் பஜாருக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. பஜாரில் செருப்புக் கடை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லா பாய்க்கு என் கதை அத்துப்படி. "இன்னாக்கா, இந்த வாட்டியும் வலது காலா? இதோட மூணு வலது தொலைச்சுட்டீங்க. ஒரே ஒரு வாட்டி எடது காலத் தொலைச்சுட்டு வாங்க... வூட்ல கெடக்கறதுல ஒரு ஜோடி சேந்துடும்!" சிரித்துக்கொண்டே சொல்வாரே தவிர, எம்.சி.ஆர் செருப்பு என்று சொல்கிற மெத்தென்ற அடிப்பாகம் வைத்த செருப்பை வரவழைத்து, கழலாமல் இருக்கப் பின்பக்கம் வார் வைத்துத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். வீட்டுக்குள் போட ஒன்று, வெளியே போட ஒன்று. வெறுங்காலோடு ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு.

அந்த உத்தரவை மீறிய கதைக்குத்தான் வருகிறேன்.

நாங்கள் இருப்பது மானாம்பதிப் பக்கம். விவசாயக் குடும்பம். நவரைப் பட்டத்து நெல் அறுப்பு, சரியாக வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் வரும். மிஷின் வைத்து அறுத்த நெல் ஈரமாக இருக்கும். காயவைக்காமல் அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், ஒரு மெஷினை நெல்லில் வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் ஜாஸ்தி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊர்ப் பொதுக் களத்து சிமென்ட் தரையில் ஆளாளுக்கு ஒரு பங்கு பிடித்து நெல்லைக் கொட்டிப் பரப்புவோம்.

பரப்பினால் மட்டும் போதாது. மணிக்கு ஒரு தரம் துழாவிவிட வேண்டும். அதைக் காலால்தான் செய்வோம். காலைத் தூக்காமல் இழுத்து இழுத்து நெல்லுக்குள் நடந்தால், கால் போன வழியில் கோடு விழும், அடியிலிருக்கும் ஈர நெல் மேலே வரும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வருவது ஒரு சால். நான் போஸ்ட் ஆபீஸ் வேலையில் இருந்தபோதுகூட அறுப்பு நேரத்தில் லீவு போட்டுவிட்டு வந்து துழாவியிருக்கிறேன்.

செருப்புக் காலோடு நெல்லை மிதிப்பது மட்டும் எங்கள் பக்கம் நினைத்தே பார்க்க முடியாத காரியம். அது லட்சுமி. களத்து ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நெல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உள்ளே போவோம். அதே நெல்மேல் டிராக்டர் டயர் ஏறலாம். லாரியில் ஏற்றும்போது ஆள் ஏறலாம். என் எம்.சி.ஆர் செருப்பு மட்டும் ஆகாது! எழுதும்போது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அன்றைக்குக் களத்து ஓரத்தில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. செருப்போடு உள்ளே போகலாமா என்று ஒரு விநாடி யோசித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. கை தானாகப் போய் வாரை அவிழ்த்தது.

என் வீட்டுக்காரர் டோக்கன் வாங்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருந்தார். "நான் வர்ற வரைக்கும் நிழல்ல குந்திக்கினு காவலுக்கு இரு, போதும்" என்பதுதான் எனக்கு இட்ட வேலை. மூன்று வருடமாக எனக்கு அதுதான் வேலை. குந்திக்கினு இருப்பது. சமையலில் சூடானதைத் தொடாதே, கிணற்றுப் பக்கம் போகாதே, மாடிப்படி ஏறாதே. நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு மனுஷி எத்தனை நாள்தான் நல்லதுக்கு உட்கார்ந்துகொண்டே இருப்பாள்?

மணி ஒன்று இருக்கும். பக்கத்துப் பங்கில் வசந்தா தன் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். வயலில் உரம் ஏறிய கால். அவளே பாதிச் சாலில் குதித்துக் குதித்து வெளியே ஓடி வந்து புங்க மர நிழலில் நின்றாள்.

"யப்பா! சட்டியில பொரிக்கிற மாரி கீது யக்கா. காலு கீய வெக்க முடியல."

நான் நடந்துகொண்டிருந்தேன். நிதானமாக. காலை இழுத்து இழுத்து, கோடு கோணாமல்.

"யக்கா... உனுக்குச் சுடலியா?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "எனக்குக் கால்ல உணர்ச்சி இல்ல வசந்தா, சுடுறது தெரியாது" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவளே ஓடி வந்து என்னைப் பிடித்து வெளியே இழுத்திருப்பாள். நான் சொன்னது இது: "பழகிப்போச்சு."

எப்பேர்ப்பட்ட புளுகு!

நிழலில் இன்னும் இரண்டு மூன்று பெண்கள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். வசந்தா அவர்களிடம் திரும்பிச் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்தக்காவ பாருங்கடி. அவ்ளோ பெரிய நோவுலேர்ந்து எழுந்து வந்து, இந்த வெயில்ல இன்னாமா நடக்குது. நாமளும் கீறமே!"

அப்பா... அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! 'பாவம்' என்று சொல்லக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன காதில், 'இன்னாமா நடக்குது' என்று விழுந்தால் எப்படி இருக்கும்? எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் நெல்லை முழுசாகத் துழாவி முடித்தேன். நின்றேனா? போதாக்குறைக்கு வசந்தா பங்கையும் நானே துழாவிக் கொடுத்தேன். ஐம்பத்தேழு வயதில் ஒருத்திக்குக் கைதட்டல் ஆசை வந்தால் அவள் கதி என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அந்தச் சாயங்காலம்தான் கூடத்தில் ஈரத் தடம்.

சரி, கொப்புளத்தைப் பார்த்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. வீட்டுக்காரரிடம் வாயைத் திறக்கவில்லை. "தண்ணி சிந்திட்டிருக்கு போல" என்று சமாளித்துவிட்டு, உள்ளே போய் மஞ்சளையும் ஆயின்ட்மென்டையும் குழப்பிப் போட்டுத் துணியைச் சுற்றி, மேலே வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டேன். வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? மறுபடியும் 'குந்திக்கினு இரு.' அதைவிட, வசந்தா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரே ஒரு வாரமாவது அந்தப் பெருமையோடு இருந்துவிட்டுப் போகிறேனே என்று ஒரு சபலம். வலிதான் இல்லையே, என்ன அவசரம்?

ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல். துணியை அவிழ்த்தால் வாடை. மொபெட்டில் பின்னால் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனார் என் வீட்டுக்காரர். உள்ளே வரவில்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கட்டுப் போடுகிற நர்ஸம்மா எங்கள் பக்கத்துப் பெண்தான். கறார்ப் பேர்வழி. காலைத் திருப்பிப் பார்த்தவர், நான் பார்த்திருந்த கொப்புளத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. சுண்டு விரலைத் தூக்கி அடியில் பார்த்தார். அங்கே இன்னொன்று இருந்திருக்கிறது. நான் பார்க்கவே இல்லை. சுண்டு விரலுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

"இது உள்ள போயிடுச்சும்மா. சீழு கோத்துக்கினு கீது. இன்னும் ரெண்டு நாளு வுட்டிருந்தீங்கன்னா வெரல எடுத்திருப்பாங்க. இப்பக்கூட நான் உறுதி சொல்ல மாட்டேன். டாக்டரு பாக்கட்டும்."

டாக்டர் பார்த்தார். ஊசி எழுதினார். சுத்தம் செய்து, விரலை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பத்து நாளில் தெரியும் என்றார். கால் தரையில் படக் கூடாது.

பத்து நாள்! புற்றுநோய்க்குப் பயந்த அளவுக்கு ஒரு சுண்டு விரலுக்குப் பயந்தேன் என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை. அந்த வியாதி எங்கிருந்தோ வந்தது. இதை நானே பார்த்துப் பார்த்து, கைதட்டலோடு, சொந்தக் காலால் நடந்து போய் வாங்கி வந்தேன். ஒரு விரல் போனால் அடுத்த விரலுக்குப் பாரம் ஏறும், அங்கேயும் புண் வரும் என்றார்கள். இப்போதே தட்டுத் தடுமாறி நடக்கிற கால். அதிலும் ஒன்று குறைந்தால் நான் எழுந்து நடமாடுவது என்னாவது? கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்து அழுதேன். அழுகைகூட அலுப்பாகத்தான் இருந்தது.

விரல் தப்பித்தது. நகம் மட்டும் போய்விட்டது. புண் அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி மூடத் தொடங்கியதும் நர்ஸம்மா ஒரு நிபந்தனை போட்டார். "தெனமும் சாய்ந்தரம் ரெண்டு உள்ளங்காலும், வெரலு இடுக்கும் பாக்கணும். செவப்பா இருந்தா, தோலு வெடிச்சிருந்தா, ஒடனே வரணும்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேனே தவிர, நம் உள்ளங்காலை நாமே பார்ப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? மடக்கிப் பார்க்க என் முழங்கால் ஒத்துழைக்காது. கண்ணாடியைத் தரையில் வைத்து மேலே காலை நீட்டிப் பார் என்றார்கள். படிக்கிற மூக்குக் கண்ணாடியைப் போட்டால் தரை எட்டவில்லை, கழற்றினால் எல்லாம் கலங்கல். ஒரு தரம் ஏதோ சிவப்பாகத் தெரிய, அலறியடித்துக்கொண்டு பார்த்தால், கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டு.

"அப்ப வூட்ல வேற யாருனா பாக்கட்டும். யாரு கீறாங்க?" என்றார் நர்ஸம்மா.

"பையன் வேலைக்கு வெளியூர்ல இருக்கான். அவரு மட்டுந்தான்."

"அப்ப அவரு பாக்கட்டும்."

நான் சிரித்தேவிட்டேன். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் இருக்கிற பக்கம் நான் காலை நீட்டியது கிடையாது. அவர் உள்ளே வந்தால் என் கால் தானாக மடங்கிக்கொள்ளும். பொங்கலன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிடுகிறவள் நான். என் காலை அவர் பிடிப்பதா? பாவமில்லையா? வைத்தியம் நடந்தபோது என் தலையை முடியில்லாமல் பார்த்திருக்கிறார், தையல் போட்ட மார்பைப் பார்த்திருக்கிறார். ஆனால் உள்ளங்கால்... அது கூச்சமாக இருந்தது. என் பைத்தியக்காரத்தனத்தை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பொய் சொன்னேன். கட்டு மாற்றப் போகும்போதெல்லாம் நர்ஸம்மா கேட்பார், "வூட்டுக்காரரு பாக்கறாரா?" நானும் கூசாமல், "ம், பாக்கறாரு" என்பேன்.

போன வாரம் கட்டு எடுத்தார்கள். அன்றைக்கு என் போதாத காலம், மருந்து சீட்டு வாங்க அவரும் உள்ளே வந்துவிட்டார்.

"நல்லா ஆறிடுச்சுங்க" என்றார் நர்ஸம்மா அவரிடம். "இந்த வெரலு தப்பிச்சிச்சு. அடுத்த வாட்டி தப்பிக்கும்னு சொல்ல முடியாது. நீங்க தெனம் பாக்கறத மட்டும் வுட்றாதீங்க."

"எத்த?" என்றார் அவர்.

நர்ஸம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். நான் கட்டிலில் உட்கார்ந்திருக்க, அவர் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"காலக் காட்டு."

"இன்னாங்க இது, எழுந்திருங்க. யாருனா பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"காட்டு மே."

"வேணாங்க. நான் கண்ணாடியில பாத்துக்கறேன்."

அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அன்னிக்கி டோக்கன வாங்கிக்கினு களத்தாண்ட வந்து நின்னேன். நீ அந்தாண்ட பாத்து நடந்துக்கினு இருந்த, என்னப் பாக்கல. செருப்பு இல்ல. அந்த வெயில்ல, பயையபடியே இஸ்து இஸ்து நடக்கற. செரி, முயுசா குணமாயிட்டன்னு நெனச்சிட்டேன். கூப்புடக்கூட இல்ல. கொஞ்ச நேரம் நின்னு பாத்துக்கினே இருந்தேன். பையனுக்கு போன் பண்ணி, அம்மாவுக்கு காலு செரியாயிடுச்சுடான்னு சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"நீ வெந்துக்கினு இருந்திருக்க. நான் நின்னு சந்தோசமா பாத்துக்கினு இருந்திருக்கேன்."

மூன்று வருடமாக நான் ஒருத்திதான் காவல் காக்கிறேன், நான் ஒருத்திதான் அலுத்துப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மனுஷன் மூன்று வருடமாக ஒரு நல்ல செய்திக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது கிடைத்ததென்று நம்பி, ஒரு சாயங்காலம் முழுக்க வாசலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்திருக்கிறார். அதற்குள் நான் போய் ஈரத் தடத்துக்காக அவரைத் திட்டியிருக்கிறேன்.

காலை நீட்டினேன்.

இரண்டு கையாலும் எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். அவர் கை சூடா, குளிர்ச்சியா, எனக்குத் தெரியாது. வைத்துக்கொண்டார் என்பதையே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். போன் டார்ச்சை அடித்து, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தார். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் பார்ப்பவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். அப்புறம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடி முனையால் கட்டை விரலைத் தொட்டார்.

"இங்க தெரியுதா?"

"தெரியல."

"இங்க?"

"தெரியல."

பாதம் முழுக்கப் போய்விட்டு குதிகாலுக்கு வந்தார். தெரியல. கணுக்கால். தெரியல. அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டார். வெறும் பாதம் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார் போல. "இம்மாந் தூரமா?" என்றார், தனக்குத்தானே பேசுகிற மாதிரி. நானும் இவ்வளவு தூரம் என்று அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

கணுக்காலுக்கு மேலே நாலு விரற்கடை ஏறியபோது, ரொம்ப தூரத்தில் யாரோ தொடுகிற மாதிரி இருந்தது. "அங்க... லேசா." இன்னும் ஒரு விரற்கடை.

"தெரியுது."

பேனாவின் மூடியைக் கழற்றினார். தெரியுது என்று சொன்ன இடத்தில், காலைச் சுற்றி ஒரு கோடு போட்டார். இந்தக் காலில் ஒன்று, அந்தக் காலில் ஒன்று.

"இதுக்கு மேல நீ பாத்துக்க" என்றார். "கீய நான் பாத்துக்கறேன்."

சர்வேயர் வராமல், பங்காளிச் சண்டை இல்லாமல், எங்கள் குடும்பத்தில் நடந்து முடிந்த ஒரே பாகப்பிரிவினை இதுதான்!